குரல் யாருடைய சொத்து?

பழைய பொருட்கள் விற்கும் கடையொன்றில், உடைந்த மேசைவிளக்குகளுக்கும் அட்டை கிழிந்த பாடநூல்களுக்கும் இடையிற் கிடந்த இசைத்தட்டொன்றை அண்மையில் வாங்கினேன். இரண்டு கோப்பைத் தேநீரின் விலைதான். உறையின் மூலைகள் தேய்ந்துவிட்டன. முன்பு அதை உடைமையாக வைத்திருந்த ஒருவர் பின்பக்கத்தில் மையால் தம் பெயரை எழுதியிருந்தார். அதற்குப் பின் வந்த இன்னொருவர் அப்பெயரை அடித்துத் தம் பெயரை எழுதியிருந்தார். முன்பக்கத்தில் இரண்டு கறுப்பின இளைஞர்களின் பெயர்கள்: சாம், டேவ். அவர்தம் சிறந்த பாடல்களின் தொகுப்பு என்று தலைப்புக் கூறுகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் அட்லாண்டிக் இசைத்தட்டுக் கம்பனி அதனை 1969ஆம் ஆண்டில் வெளியிட்டது.

இத்தகைய தொகுப்பைக் கேட்டு மகிழ்வதோடு நிறுத்திக்கொள்வது இயல்பு. ஆயினும் அது எவ்வாறு உண்டாயிற்று என்று சற்று நின்று வினவுவோமாயின், இசையின் வரலாற்றோடு வேறொரு வரலாறும் அதனுள் அடங்கியிருப்பது புலனாகும். அத்தட்டுக்காக எவரும் புதிதாகப் பாடவில்லை. முன்னரே சிறுதட்டுகளாக வெளிவந்து, காசு போட்டால் பாடும் இசைப்பெட்டிகளிலும் வானொலிகளிலும் தேய்ந்துபோன பாடல்களை ஒன்றுசேர்த்து, புதிய உறையிலிட்டுக் கம்பனி மீண்டும் விற்றது. இதற்கு ஒலிப்பதிவுக் கூடம் வேண்டியதில்லை, வாத்தியக்காரர் வேண்டியதில்லை, பாடகர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவும் வேண்டியதில்லை. வேண்டியது ஒன்றே: மூலப்பதிவு தன்னுடையதென்று காட்டும் பத்திரம். அப்பத்திரம் அட்லாண்டிக் கம்பனியின் கைக்கு எவ்வாறு வந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சாம் மூர் 1935ஆம் ஆண்டிற் புளோரிடா மாநிலத்தின் மியாமி நகரிற் பிறந்தவர். டேவ் பிரேட்டர் 1937இல் ஜோர்ஜியா மாநிலத்தின் ஓசில்லா என்னும் சிற்றூரிற் பிறந்தவர். இருவரும் தேவாலயத்திற் பாடிப் பழகியவர்கள். 1961இல் மியாமியில் 'கிங் ஒவ் ஹார்ட்ஸ்' என்னும் கேளிக்கை மண்டபத்தில் புதியோர் பாடும் இரவொன்றில் அவர்கள் சந்தித்தனர். மேடையை நடத்திக்கொண்டிருந்தவர் மூர். பாட ஏறிய பிரேட்டர் சொற்களை மறந்து தடுமாறியபோது, மூர் பக்கத்தில் நின்று அடியெடுத்துக் கொடுத்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. இருவர் பாட்டு அந்த மறதியிற் பிறந்தது என்பது மூர் பிற்காலத்திற் பலமுறை சொன்ன கதை. சில ஆண்டுகள் வேறொரு கம்பனிக்குப் பாடியும் பெயர் கிட்டவில்லை. 1964இல் அட்லாண்டிக் கம்பனியின் பங்காளரான ஜெரி வெக்ஸ்லர் அவர்களை ஒப்பந்தம் செய்தார். ஒப்பந்தம் நியூயோர்க்கில், ஆனால் பாடவேண்டிய இடம் மெம்பிஸ். தெற்கிலிருந்த சிறு நிறுவனமொன்றுக்கு அவர்களை அவர் 'இரவல்' கொடுத்தார். கருவியை இரவல் கொடுப்பதுபோல மனிதரை இரவல் கொடுத்தனர் என்னும் இச்சொல் எனதன்று. இசைத்தொழிலின் வரலாற்றை எழுதியோர் அனைவரும் கூச்சமின்றிப் பயன்படுத்தும் சொல்லே அது.

அச்சிறு நிறுவனத்தின் பெயர் ஸ்டாக்ஸ். ஜிம் ஸ்டுவேட் என்னும் வங்கி ஊழியரும், அவர் தமக்கையான எஸ்டெல் அக்ஸ்டனும் தொடங்கியது அது. இருவரும் வெள்ளையர். ஸ்டுவேட் நாட்டுப்புறப் பிடில் வாசிப்பவர். கறுப்பின மக்களின் இசையைப்பற்றி ஆரம்பத்தில் ஏதும் அறியாதவர். ஒலிப்பதிவுப் பொறி வாங்குவதற்காக அக்ஸ்டன் தம் வீட்டை ஈடு வைத்தார். 1960இல் அவர்கள் மக்லமோர் அவெனியூ என்னும் தெருவில் மூடிக்கிடந்த திரைப்பட மண்டபமொன்றை வாடகைக்கு எடுத்து ஒலிப்பதிவுக் கூடமாக்கினர். பார்வையாளர் அமரும் சரிவான தளத்தைச் சமப்படுத்தப் பணமில்லை. ஆகவே சரிவிலேயே வாத்தியங்கள் நின்றன. அந்தச் சரிவினாற்றான் அங்கு பதிந்த ஒலிக்குத் தனியானதோர் ஆழம் உண்டாயிற்று என்பர். வறுமை சிற்சில வேளைகளில் அழகியலாகவும் மாறுவதுண்டு போலும். சிற்றுண்டி விற்ற முகப்பில் அக்ஸ்டன் இசைத்தட்டுக் கடை வைத்தார். அயலிலுள்ள கறுப்பின இளைஞர் கடைக்கு வந்து கேட்டனர். எதைக் கேட்டு ஆடினர், எதை இடையில் நிறுத்தினர் என்று அவர் கவனித்தார். கடைக்கு வந்தோருட் சிலர் பின்னறைக்குச் சென்று பாடகராயினர், வாத்தியக்காரராயினர்.

இதன் பொருளை உணர்வதற்கு அக்கால மெம்பிசை அறிதல் வேண்டும். 1961ஆம் ஆண்டு ஒக்டோபரில், வெள்ளையர் பள்ளிகளிற் கறுப்பினப் பிள்ளைகள் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது சேர்ந்தவர்கள் பதின்மூன்று பேர். எல்லோரும் முதலாம் வகுப்புக் குழந்தைகள். 1963இல், இரு நிறத்தாரும் ஒரே நீரிற் குளிப்பதை அனுமதிப்பதைவிடப் பொது நீச்சற் குளங்களை மூடிவிடுவதே மேலென்று நகராட்சி கருதிற்று. அத்தகைய நகரில், மக்லமோர் அவெனியூவின் சரிந்த தளத்திற் புக்கர் டி. ஜோன்ஸ், அல் ஜக்சன் ஆகிய கறுப்பினத்தார் இருவரும், ஸ்டீவ் குரொப்பர், டொனால்ட் டன் ஆகிய வெள்ளையர் இருவரும் நாடோறும் கூடி வாசித்தனர். பாடகர் எவராயினும் பின்னணி இந்நால்வரே. தாளில் எழுதிய சுரம் இல்லை. ஒருவர் தொடங்குவார், மற்றவர் சேர்வர், ஊதுவாத்தியக்காரர் தம் பகுதியைத் தாமே முணுமுணுத்து ஒத்துக்கொள்வர். கூட்டுழைப்பு என்று நாம் ஏடுகளிற் படிக்கும் சொல்லுக்கு இதைவிட எளிய உதாரணம் தேடிக் காணல் அரிது.

பாடல் புனைந்தவர்களும் அத்தெருவின் மக்களே. டேவிட் போர்ட்டர், ஒலிப்பதிவுக் கூடத்துக்கு எதிரேயிருந்த மளிகைக் கடையில் வேலை செய்தவர். ஐசாக் ஹேய்ஸ், டெனசி மாநிலத்தின் கவிங்டன் ஊரில், வாரத்துக்குப் பயிரிட்ட குடியானவரான பாட்டன் பாட்டியிடம் வளர்ந்தவர். மெம்பிசிற் பகலில் இறைச்சிப் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்து இரவிற் பியானோ வாசித்தவர். இவ்விருவரும் சேர்ந்து சாமுக்கும் டேவுக்கும் பாடல்களைத் தைத்துக் கொடுத்தனர் எனலாம். 'ஹோல்ட் ஓன், ஐம் கமின்' என்னும் 1966ஆம் ஆண்டுப் பாடலின் பிறப்பு வேடிக்கையானது. பாட்டெழுதும் நேரத்திற் போர்ட்டர் கழிப்பறைக்குச் சென்றுவிட, பொறுமையிழந்த ஹேய்ஸ் கூப்பிட, 'பொறு, வருகிறேன்' என்று உள்ளிருந்து வந்த பதிலே பல்லவியாயிற்று. அச்சொற்களுக்கு வேறு பொருள் கற்பித்து வானொலி நிலையங்கள் சில முகஞ்சுளித்தமையால் தலைப்பிற் சிறு மாற்றம் செய்யவேண்டியும் வந்தது. அப்பாடல் கறுப்பின இசைப் பட்டியலில் முதலிடம் பெற்றது.

இருவர் பாட்டு என்றால் ஒருவர் பாட மற்றவர் துணை நிற்பது என்று எண்ணுவோர் உளர். இவர்கள் முறை அதுவன்று. போதகர் கூற, சபை மறுமொழி கூறும் தேவாலய முறையையே இவர்கள் தமதாக்கிக்கொண்டனர். மூரின் குரல் உயர்ந்து கீறும். பிரேட்டரின் குரல் தாழ்ந்து தாங்கும். ஒருவர் வாக்கியத்தைத் தொடங்குவார். மற்றவர் அதனைப் பறித்து முடிப்பார். யார் தலைவர், யார் துணைவர் என்று சொல்லமுடியாத அந்த இழுபறியே அழகு. 'வென் சம்திங் இஸ் ரோங் வித் மை பேபி' என்னும் மெதுவான பாடலைத் தனியே தொடங்குபவர் பிரேட்டர்; எப்போதும் மூரையே புகழும் விமர்சகர்கள் இதனை இன்னொருமுறை கேட்பது நல்லது. 1967ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஸ்டாக்ஸ் கலைஞர் குழு ஐரோப்பாவுக்குச் சென்றபோது, இவ்விருவருக்குப் பின்னர் மேடையேறுவதற்கு ஓட்டிஸ் ரெடிங் போன்ற பெருங்கலைஞரே தயங்கினார் என்பது அன்று உடனிருந்தோர் கூறுவது.

அவ்வாண்டு கோடையில், டெட்ரொயிட் நகரின் கறுப்பின மக்கள் பொலிசாரின் கொடுமைக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். 1967 ஜூலை 23ஆம் திகதி தொடங்கிய அக்கலகத்தில் 43 பேர் உயிரிழந்தனர். இராணுவம் தெருவில் இறங்கிற்று. தம் கடைகள் தீக்கு இரையாகாதிருக்கும் பொருட்டுக் கறுப்பின உரிமையாளர் சிலர் 'சோல்' என்ற சொல்லைச் சுவரில் எழுதிவைத்தனர். அதனைத் தொலைக்காட்சியிற் கண்ட ஹேய்ஸ், தெய்வத்தின் தூதன் வீடுகளைக் கடந்துபோகும்படி எகிப்தில் நிலைக்கால்களிற் பூசப்பட்ட இரத்தத்தைப்பற்றிய வேதாகமக் கதையை நினைத்ததாகச் சொல்லியிருக்கிறார். 'சோல் மான்' பாடல் அவ்வாறு தோன்றியது. பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது; பொதுப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது; அடுத்த ஆண்டு கிராமி பரிசும் பெற்றது. காதற்பாட்டின் உடையில் நடமாடும் இப்பாடலின் அடியில், வளர்ந்த கறுப்பின ஆண்மகனை எந்த வயதிலும் 'பையன்' என்றே விளித்த ஒரு சமுதாயத்துக்கான மறுமொழி கிடக்கிறது. தலைப்பின் இரண்டாவது சொல் 'மனிதன்' என்பதைக் கவனிக்க.

1968 பெப்ரவரி முதலாம் திகதி, மெம்பிசிற் கடும் மழை. எக்கொல் கோல், ரொபேட் வாக்கர் என்னும் நகரசுத்தித் தொழிலாளர் இருவர், குப்பை வண்டியின் பின்புறத்தில் ஒதுங்கியிருந்தபோது, பழுதடைந்த பொறி இயங்கி அவர்களை நசுக்கிக் கொன்றது. அம்மாதம் 12ஆம் திகதி ஏறத்தாழ 1,300 தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். முழுநேரம் உழைத்தும் அரசாங்க நிவாரணம் பெறும் தகுதியுடையோராக அவர்களிற் பலர் இருந்தனர் என்பதிலிருந்து அவர்தம் ஊதியத்தை ஊகிக்கலாம். கழுத்திற் சுமந்து சென்ற அட்டைகளில் அவர்கள் எழுதியிருந்தது 'நான் ஒரு மனிதன்' என்பதே. வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக வந்த மார்ட்டின் லூதர் கிங், ஏப்ரல் 4ஆம் திகதி லொரெயின் விடுதியின் மேன்மாடத்திற் சுடப்பட்டு இறந்தார். ஏப்ரல் 16ஆம் திகதி நகராட்சி இணங்கிற்று. ஒரு பாடலுக்கும் அந்த அட்டைக்கும் நேரான காரணகாரியத் தொடர்பு இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அவ்வாறு சொல்வது மலிவான விமர்சனம். ஒரே தெருக்களில், ஒரே மக்கள், ஒரே சொல்லை, சில மாத இடைவெளியில் உரத்துச் சொன்னார்கள் என்பது மட்டும் உண்மை. இன்னொன்றும் உண்டு: லொரெயின் விடுதி ஸ்டாக்ஸ் கலைஞருக்குப் பழகிய இடம். கறுப்பினத்தாரும் வெள்ளையரும் ஒன்றாயிருந்து பாட்டெழுதக்கூடிய சில இடங்களுள் அதுவும் ஒன்று. வில்சன் பிக்கெட்டும் குரொப்பரும் 1965இற் புகழ்பெற்ற பாடலொன்றை அங்கேதான் புனைந்தனர்.

அந்தத் துயரமான வசந்த காலத்திலேயே ஸ்டாக்ஸ் தன் உடைமையையும் இழந்தது. அது நிகழ்ந்த விதம் சட்ட மாணவர்க்குப் பாடமாக வைக்கத்தக்கது. 1960 முதல் ஸ்டாக்ஸ் பதிந்தவற்றை அட்லாண்டிக் விநியோகித்து வந்தது. அத்தொடர்பைத் தொடக்கி வைத்ததும் ஓர் இருவர் பாட்டே: ரூபஸ் தோமசும் அவர் மகள் கார்லாவும் பாடியது. ஐந்தாண்டுகள் வாய்ச்சொல்லும் கைகுலுக்கலும் போதுமாயிருந்தன. 1965இல் முறையான ஒப்பந்தம் எழுதப்பட்டபோது, ஸ்டுவேட் அதனை முழுதும் படியாமற் கையெழுத்திட்டார். 1967இல் அட்லாண்டிக் கம்பனி வோர்ணர் பிரதர்ஸ்-செவன் ஆர்ட்ஸ் என்னும் பெருநிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 10ஆம் திகதி ஓட்டிஸ் ரெடிங் விமான விபத்தில் இறந்தார். அவரோடு ஸ்டாக்சின் இளம் வாத்தியக் குழுவினரிற் பெரும்பாலோரும் மடிந்தனர். விற்பனைக்குப் பின்னர் புதிய நிபந்தனைகள் பேச முற்பட்ட ஸ்டுவேட், அப்போதுதான் பத்திரத்தைக் கவனித்தார். அட்லாண்டிக் விநியோகித்த ஸ்டாக்ஸ் பதிவுகள் அனைத்திலும் எல்லா உரிமையும் அட்லாண்டிக்குக்கே என்று அதிலிருந்தது. விநியோகம் செய்வதற்கு என்று கொடுத்தவை, விற்றுத் தீர்த்தவையாக மாறிவிட்டன. அவ்வாசகம் தமக்கும் தெரியாதென்றும், அது வழக்கறிஞர் எழுதியதென்றும் வெக்ஸ்லர் பிற்காலத்திற் கூறினார். அவர் பொய் சொன்னார் என்று கொள்ளவேண்டியதில்லை. ஆள் நல்லவரா தீயவரா என்பது பத்திரத்துக்கு ஒரு பொருட்டன்று.

1968 மே மாதத்தில் உறவு முறிந்தது. எட்டாண்டு உழைப்பின் பலன் நியூயோர்க்கில் நின்றுவிட்டது. 'இரவல்' வந்த சாமும் டேவும் திருப்பி அழைக்கப்பட்டனர். என் கையிலுள்ள தொகுப்பு வந்தது இதன் பின்னரே. அதாவது, மெம்பிசின் சரிந்த தளத்தில் நால்வர் வாசிக்க, மளிகைக் கடைக்காரரும் இறைச்சித் தொழிலாளியும் புனைந்து கொடுக்க, இருவர் பாடியவற்றை, அத்தளத்துக்கு இனி ஒரு சதமும் சேராத நிலையில், அட்லாண்டிக் தன் பெயரில் ஒருங்கே வெளியிட்டது. சட்டப்படி அதிற் பிழையேதுமில்லை. அதே 1969ஆம் ஆண்டில், பழைய பதிவுகள் ஒன்றுமின்றி நின்ற ஸ்டாக்ஸ், அல் பெல் என்னும் கறுப்பின நிர்வாகியின் முயற்சியால் ஒரே மூச்சில் 27 நீண்டநேர இசைத்தட்டுகளை வெளியிட்டுத் தனக்கென ஒரு புதிய களஞ்சியத்தை உண்டாக்கியது. சாம், டேவ் பாடல்களைப் புனைந்த ஐசாக் ஹேய்ஸ், அவற்றுள் ஒன்றன்மூலம் தாமே பாடகராகப் பெரும்புகழ் பெற்றார். கொள்ளைபோன வீட்டார் மீண்டும் சட்டிபானை வாங்கியதைப் போன்ற அந்த உழைப்பை நினைக்கும்போது மலைப்புத் தோன்றுகிறது. ஆயினும் அதுவும் நிலைக்கவில்லை. 1975 டிசம்பரில் ஸ்டாக்ஸ் கடனில் மூழ்கி முறிந்தது.

பாடகர் இருவரின் நிலை என்ன? சரிந்த தளத்தையும் அந்த நால்வரையும் விட்டு அகன்றபின், அவர்தம் பாடல் எதுவும் அமெரிக்கப் பட்டியல்களின் முதற் பத்து இடங்களை எட்டவில்லை. வேறு நகரங்களில், வேறு வாத்தியக்காரரோடு பாடிப் பார்த்தனர். குரல் அதே குரல்தான். ஆனால் கேட்டோரின் நெஞ்சைத் தொட்டது குரல் மட்டுமன்று, அக்குரல் வளர்ந்த கூட்டமும் என்பதைக் கம்பனியின் கணக்கர் அறிந்திலர். 1970இற் பிரிந்தனர்; பின்னர் சேர்ந்தனர்; மீண்டும் பிரிந்தனர். மேடையில் ஒருவர் வாக்கியத்தை ஒருவர் முடித்த அவ்விருவர், மேடைக்கு வெளியே பல ஆண்டுகள் ஒரு சொல்லும் பேசாதிருந்தனர். 1981ஆம் ஆண்டின் கடைசி இரவு சான் பிரான்சிஸ்கோவில் இறுதியாகச் சேர்ந்து பாடினர். இப்பகையைச் சுவையான செய்தியாக்கி எழுதியோர் பலர். தனிமனிதர் குறைகள் இருந்தன; மூர் போதைப்பொருளுக்கு அடிமையாயிருந்ததை 1983இல் தாமே வெளிப்படையாகச் சொன்னார். எனினும், ஆண்டு முழுவதும் தெருவிலும் விடுதியிலும் கழித்து, அன்றன்றைய கூலிக்காக, வெறுத்தாலும் பிரியமுடியாதபடி இருவரை ஒரு பெயர் கட்டிவைத்ததையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். பிரிந்தபின் பிரேட்டர், சாம் என்னும் முதற்பெயருடைய வேறொரு பாடகரைச் சேர்த்துக்கொண்டு அதே பெயரிற் பாடினார். மூர் அதனை எதிர்த்தார். மிஞ்சியிருந்த ஒரே முதல் அந்தப் பெயர்தான். அதற்குத்தான் சண்டை. பிரேட்டர் 1988 ஏப்ரல் 9ஆம் திகதி ஜோர்ஜியாவில் மோட்டார் விபத்தில் இறந்தார்.

இசைத்தட்டு விற்றால் பாடகருக்குப் பங்கு வராதா என்று மாணவர் கேட்கலாம். வரும், ஏட்டில் வரும். விற்பனையில் நூற்றுக்குச் சிறு வீதம் உரிமைப்பணமாகப் பேசப்படும். ஆனால் ஒலிப்பதிவுச் செலவும், முன்பணமும் அப்பங்கிலிருந்தே கழிக்கப்படும். கழித்தபின் மிஞ்சுவதே பாடகருக்கு. கணக்கு எழுதுபவர் கம்பனியார். நமது ஊர்த் தோட்டங்களில் அரிசிக் கணக்கும் கங்காணி முற்பணமும் எப்படி எழுதப்பட்டன என்பதை அறிந்தோருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. அட்லாண்டிக் கம்பனியின் ஆரம்ப காலச் செல்வத்துக்குக் காரணமாயிருந்த ரூத் பிரவுண் என்னும் பாடகி, பின்னாளில் வீட்டு வேலைக்காரியாகவும் பேருந்துச் சாரதியாகவும் பிழைத்தார். கணக்கைக் கேட்டபோது, கம்பனிக்கு அவரே கடன்பட்டிருப்பதாக அது கூறிற்று. அவரும் அவருடைய வழக்கறிஞரும் பல்லாண்டு போராடியதன் பயனாக 1988இல் அட்லாண்டிக், முதிய கலைஞர் பலரின் 'கடன்களை' நீக்கி, முந்திய ஆண்டுகளுக்கான உரிமைப்பணத்தையும் கொடுக்க இணங்கியது.

1993இல் மூரும் வேறு கலைஞரும், ஓய்வூதிய நிதிக்குக் கம்பனிகள் செலுத்தவேண்டியதைச் செலுத்தவில்லை என்று வழக்குத் தொடுத்தனர். இலட்சக்கணக்கில் விற்ற தட்டுகளின் பாடகரான அவருக்குக் கணக்கிடப்பட்ட ஓய்வூதியத்தின் முழுத்தொகை 2,285 டொலர். விரும்பினால் மாதம் 73 டொலர் வீதம் பெறலாம். இத்தொகையை மூர் பத்திரிகையாளரிடம் சொன்னபோது அவருக்கு வயது ஏறத்தாழ அறுபது.

வானொலியின் கதை இன்னும் விசித்திரமானது. உலகின் மிகப்பல நாடுகளில், ஒரு பாடல் ஒலிபரப்பாகும்போது புனைந்தவருக்கும் பாடியவருக்கும் பணம் கிடைக்கும். அமெரிக்காவிற் சாதாரண வானொலி நிலையங்கள் புனைந்தவருக்கு மட்டுமே கொடுக்கின்றன. பாடியவருக்கு ஒன்றும் இல்லை. இந்நிலை இன்னும் மாறவில்லை. 2007 ஜூலையில் மூர் அமெரிக்கக் காங்கிரசின் குழுவொன்றின் முன் சென்று இதனை எடுத்துரைத்தார். இன்னுமொரு குறையும் இருந்தது. ஒலிப்பதிவுக்கு மத்திய அரசின் காப்புரிமை 1972 பெப்ரவரி 15க்குப் பின் பதியப்பட்டவற்றுக்கே வழங்கப்பட்டிருந்தது. அதற்கு முந்தியவை, அதாவது என் கையிலிருக்கும் தட்டின் பாடல்கள் அனைத்தும், அச்சட்டத்தின் வெளியே நின்றன. 2018ஆம் ஆண்டின் சட்டம் அக்குறையை ஓரளவு நீக்கியது. பாடி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது.

இவற்றை வைத்து மூரைத் தொழிலாளர் இயக்கத்தின் வீரராக்கிவிட நான் முனையவில்லை. 1996இற் குடியரசுக் கட்சி வேட்பாளர் பொப் டோலுக்காகச் 'சோல் மான்' பாடலைச் சொல் மாற்றிப் பாடிக்கொடுத்தவர் அவர். 2008இல் தம் பாடலைத் தேர்தற் கூட்டங்களிற் பாவிக்கவேண்டாமென ஒபாமாவைக் கேட்டவரும், 2017இல் ட்ரம்பின் பதவியேற்பு விழாவையொட்டிப் பாடியவரும் அவரே. நம்மில் ஒரு சாராருக்கு ஒரு கலைஞனின் துன்பத்தைப் பேசுமுன் அவன் கட்சியை விசாரிக்கும் பழக்கம் உண்டு. ஆனால் 1996ஆம் ஆண்டுச் சம்பவத்தில் நாம் கவனிக்கவேண்டிய பகுதி வேறு. பாடலைப் புகழ்பெறச் செய்தவர் தாமே மனமுவந்து மாற்றிப் பாடியபோதும், பாட்டின் உரிமையை வைத்திருந்த வெளியீட்டுக் கம்பனி குறுக்கிட்டது. தேர்தற்காரர் பாடலைக் கைவிட்டனர். அப்பாடல் மூருடையதன்று என்பதை வலதுசாரி அரசியலுக்கும் பத்திரம் நினைவூட்டிற்று.

மூலைக் கடையில் நான் கொடுத்த பணத்துக்கு வருவோம். அதில் மூருக்கோ, பிரேட்டரின் குடும்பத்துக்கோ, ஹேய்சின் வாரிசுகளுக்கோ, ஏன், அட்லாண்டிக் கம்பனிக்கோகூட ஒன்றும் சேராது. நாவலொன்றைக் குறித்த விலைக்குக் குறைத்து விற்ற கடைக்காரருக்கு எதிராக ஒரு பதிப்பகம் தொடுத்த வழக்கில், 1908இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது: ஒருமுறை விற்ற பிரதியின் பின்னைய விற்பனையை வெளியீட்டாளர் கட்டுப்படுத்தமுடியாது. இதனாற்றான் பழைய புத்தகக் கடைகளும் பழைய தட்டுக் கடைகளும் நிலவுகின்றன. ஏழை மாணவனும் வாசிக்கிறான், கேட்கிறான். இது நல்ல நியாயம் என்றே நான் கருதுகிறேன். ஓவியருக்கு மறுவிற்பனையிற் பங்கு கொடுக்கும் சட்டத்தைப் பிரான்சு 1920இலேயே இயற்றியது உண்மைதான். ஆயினும் இலட்சம் பிரதிகளாக அச்சான தட்டுக்கு அது பொருந்தாது. பாடகரின் குறை இரண்டாங்கை விற்பனையால் வந்ததன்று. முதற்கை விற்பனையிலேயே அவர் பங்கு போய்விட்டது. முதலாமவர் பெயரை அடித்து இரண்டாமவர் எழுதி, இப்போது என்னிடம் வந்துள்ள இந்தத் துண்டு வினைல், உறையில் முகம் காட்டும் இருவரைவிட எனக்கே உறுதியாகச் சொந்தமானது.

மக்லமோர் அவெனியூவின் கட்டடம் 1989இல் இடிக்கப்பட்டது. 2003இல் அதே நிலத்தில், அதே முகப்போடு அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. சரிவையும் மறக்காமற் கட்டியிருக்கிறார்கள். சாம் மூர் 2025 ஜனவரி 10ஆம் திகதி தம் 89ஆம் வயதிற் புளோரிடாவிற் காலமானார்.

தட்டின் உறையில் வாத்தியக்காரர் நால்வரின் முகங்கள் இல்லை. ஆனால் 'சோல் மான்' பாடலின் நடுவில், கிற்றார் தனித்து ஒலிக்கும் கணத்தில், மூர் வாசிப்பவனைப் பெயர் சொல்லி அழைத்து, வாசி என்கிறார். எழுதிவைத்துப் பாடியதன்று, அந்த அறையில் அந்த நொடியில் வாயில் வந்தது. என் பிரதியில் அவ்விடத்துக்குச் சற்று முன்னே ஒரு கீறல் இருக்கின்றது. ஊசி அதிற் தட்டித் துள்ளும். துள்ளியபின் 'ஸ்டீவ்' என்ற அந்தப் பெயர் தெளிவாகக் கேட்கிறது.